பலாலிக்கு வரும் விமானம் மட்டக்களப்புக்கு ஏன் வருவதில்லை?

கேள்வி: யாழ்ப்பாணம், மட்டக்களப்பு இரண்டும் கொழும்பிலிருந்து தூரமான மாவட்டங்கள். சனத்தொகையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பலாலிக்குச் சென்னையிலிருந்தே விமானம் வருகிறது. மட்டக்களப்புக்கு மட்டும் ஏன் அப்படி ஒன்று இல்லை? இங்கிருந்து இரண்டுக்கும் போக விமானத்தை நம்பலாமா?
– வாசகி ஒருவர், கிருலப்பனை

பதில்: கிருலப்பனையை ஊடறுத்துப் போகும் ஹைலெவல் வீதிக்கு வரைபடத்தில் ஏ-4 என்று பெயர். இரத்தினபுரி, பலாங்கொடை, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், கல்முனை என்று வளைந்து வளைந்து 430 கிலோமீற்றர் ஓடி, அது போய் நிற்கும் இடம் மட்டக்களப்பு. நாட்டின் மிக நீண்ட ஏ தர வீதி இதுதான். ஆனால் மட்டக்களப்புக்குப் போகிறவர் யாரும் இந்த வழியாகப் போவதில்லை. பஸ்கள் பொலன்னறுவைப் பக்கமாகச் சுற்றி நூறு கிலோமீற்றர் அளவில் மிச்சம் பிடிக்கின்றன. நேர்கோட்டில் பார்த்தால் இரத்மலானையிலிருந்து மட்டக்களப்பு சுமார் 220 கிலோமீற்றர். பலாலி 330. கிட்ட இருக்கும் ஊருக்குத்தான் விமானம் அருமை என்பது விந்தையாகப் படலாம்.

சனத்தொகை பற்றி வாசகி சொல்வது சரி. 2012 கணக்கெடுப்பில் யாழ். மாவட்டத்தில் சுமார் 583,000 பேர், மட்டக்களப்பில் சுமார் 525,000 பேர். ஆனால் 1981 கணக்கைப் பக்கத்தில் வைத்தால் கதை மாறுகிறது. அப்போது, கிளிநொச்சியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், யாழ்ப்பாணத்தில் 738,000 பேர் இருந்தார்கள், மட்டக்களப்பில் 330,000. முப்பது வருடத்தில் ஒன்று தேய்ந்தது, மற்றது வளர்ந்தது. தேய்ந்ததில் பெரும் பங்கு ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சென்னையிலும் இருக்கிறது. கோயில் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் அவசரமாக ரிக்கற் போடுகிறவர்கள் அவர்கள்தான். ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட ஊரை விட்டு எத்தனை பேர் போனார்கள் என்பதையே விமானக் கம்பனி முதலில் பார்க்கும்.

இரண்டாவது காரணம் கடல். பலாலியிலிருந்து திருச்சி நேர்கோட்டில் சுமார் 180 கிலோமீற்றர்தான். சென்னை 350, அதாவது கிட்டத்தட்டக் கொழும்பு அளவு தூரம். இந்தப் பாதை புதிதல்ல. 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் சேவை, ‘சீதாதேவி’ என்ற டக்கோட்டா விமானத்தில், இரத்மலானையிலிருந்து, பலாலியை ஒட்டிய காங்கேசன்துறை வழியாகவே மதராசுக்குப் போனது. பலாலித் தளம் இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை அமைத்தது. சுதந்திரத்துக்கு முன்பே அங்கே ஓடுபாதை இருந்ததால் பயணிகள் சேவைக்கும் அது கைகொடுத்தது.

பிறகு யுத்தம். 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலுக்கு மேலே காணாமல் போனது. அதிலிருந்த 55 பேரில் ஒருவரும் தப்பவில்லை. அதன்பின் சிவில் விமானங்கள் நின்றுபோய், 2002 போர்நிறுத்தத்தோடுதான் மறுபடி தலைகாட்டின. சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு பலாலி திறக்கப்பட்டது 2019 ஒக்ரோபர் 17இல். அடுத்த மாதமே தொடங்கிய சென்னைச் சேவையைக் கொரோனா நிறுத்தியது. 2022 டிசம்பரில் அது மீண்டது. 2024 செப்டெம்பரில் இன்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் வரத் தொடங்கியது. எல்லாமே ஏரிஆர் 72 ரகச் சுழல்விசிறி விமானங்கள். பெரிய ஜெற் வந்து இறங்க ஓடுபாதை நீள வேண்டும்.

மட்டக்களப்பின் நிலப்பரப்பு வேறு விதம். யாழ். மாவட்டம் சுமார் 1,025 சதுர கிலோமீற்றர்; மட்டக்களப்பு 2,850 சதுர கிலோமீற்றருக்கும் மேல். வாவி அதை எழுவான்கரை, படுவான்கரை என்று இரண்டாகப் பிரிக்கிறது. காத்தான்குடி போன்ற ஊர்களில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்க, படுவான்கரையில் வயலும் மேய்ச்சல் தரையுமாகப் பரந்து கிடக்கிறது. விமான நிலையம் நகரை ஒட்டிய திமிலைத்தீவில், வாவியின் நடுவே. சுற்றிலும் தண்ணீர் இருக்க, ஓடுபாதையை எந்தப் பக்கம் நீட்டுவது? 1958இல் பயணிகளுக்காகத் தொடங்கிய இந்தத் தளத்தை 1983இல் விமானப்படை எடுத்துக்கொண்டது. 2018இல்தான் அது மறுபடி சிவில் விமானங்களுக்குத் திறந்தது. இங்கே வந்துபோனவை பெரும்பாலும் பாசிக்குடா உல்லாசப் பயணிகளை ஏற்றும், எட்டுப் பேர் அமரும் செஸ்னா விமானங்கள். கட்டணம் சாதாரண குடும்பத்துக்கு எட்டாதது.

இந்தியா இப்படிப்பட்ட ஊர்களுக்காக ‘உடான்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. முதல் விமானம் 2017 ஏப்ரலில் சிம்லாவிலிருந்து டில்லிக்குப் போனது. ஆசனங்களில் ஒரு பகுதிக்குக் கட்டண உச்சவரம்பு வைத்து, கம்பனிக்கு விழும் நட்டத்தை அரசு ஈடுசெய்வதுதான் அதன் சூத்திரம். பெயர்ப்பலகையில் ‘சர்வதேச விமான நிலையம்’ என்றே எழுதினாலும், இப்படி ஒரு கை கொடுக்காமல் மட்டக்களப்புக்கு வாடிக்கையான சேவை வராது.

இனி வாசகியின் பயணம். இரத்மலானை கிருலப்பனையிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்குள்தான். கட்டுநாயக்கா வரை அலைய வேண்டாம். ஆனால் இரத்மலானையிலிருந்து பலாலிக்குப் பறந்த உள்நாட்டுச் சேவைகள் தொடங்குவதும் நிற்பதுமாகவே இருந்திருக்கின்றன. சிறிய விமானமென்றால் பொதி நிறையிலும் கண்டிப்பு. ஆகவே நாளையும் இருக்கையையும் உறுதிசெய்த பிறகே மற்ற ஏற்பாடுகளைச் செய்வது நல்லது. பலாலியில் இறங்கினாலும் யாழ். நகருக்கு இன்னும் பதினைந்து கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். ரயில் 2014 ஒக்ரோபரிலிருந்து மறுபடி யாழ்ப்பாணம் வரை போகிறது; வெள்ளவத்தையில் ஏறினால் இரவு பஸ்ஸும் உண்டு. மட்டக்களப்புக்கு ரயில்தான் தோது. பகலில் உதயதேவி, இரவில் மீனகயா. 2025 பெப்ரவரியில் கல்ஓயாவுக்குக் கிட்ட மீனகயா யானைக்கூட்டத்தில் மோதித் தடம்புரண்டதில் ஆறு யானைகள் இறந்தன. அந்தக் காட்டுப் பகுதியில் இரவு ரயில்கள் மெதுவாக ஊர்ந்தால் சலித்துக்கொள்ளாமல், மட்டக்களப்பில் காலை அலுவலுக்குச் சற்றுத் தாராளமாக நேரம் வைத்துக்கொள்ளலாம்.