வண்டி, பீர், இ-பாஸ்: ஊரடங்கு விட்டுப்போன நம்பிக்கைகளும் உண்மைகளும்

2020 மார்ச் 24 சாயங்காலம் ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. திருப்பூரில் ஓவர்லாக்கும் பேட்லாக்கும் ஓய்ந்தன, ஷிப்மெண்ட் நின்றது, கம்பெனி ஷெட்டுக்குள் விட்ட கார்கள் விட்ட இடத்திலேயே தூசி படிந்து கிடந்தன. வண்டிப் பைத்தியம் உள்ள ஊர் இது. வேலை இல்லாத ராத்திரிகளில் நாலைந்து பேர் போனில் கான்ஃபரன்ஸ் போட்டுப் பேசுவார்கள். பேச்சில் மூன்றே விஷயம்தான். திறந்துவிட்டதும் முதலில் எந்த மலை ஏறுவது, யாரிடம் எத்தனை பீர் மிச்சமிருக்கிறது, நிற்கிற வண்டியை என்ன செய்வது. அப்போது அடித்துவிடப்பட்ட பல சேதிகள் கொரோனா போன பிறகும் போகவில்லை. ஒர்க்‌ஷாப்பிலும் டீக்கடையிலும் இன்றைக்கும் அதே உறுதியோடு சொல்கிறார்கள்.

“தினம் அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி வெச்சாப் போதுமுங்க, வண்டிக்கு ஒண்ணும் ஆகாது.”

ஊரடங்கில் அதிகமாகப் பரவியதும் அதிகம் கெடுத்ததும் இதுதான். நிறுத்திப் பூட்டிய காரும் சும்மா இருப்பதில்லை. சாவியின் சிக்னலுக்குக் காத்திருக்கும் லாக், அலாரம், கடிகாரம், இன்ஜின் கம்ப்யூட்டரின் நினைவு எல்லாம் சேர்ந்து சுமார் 30 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 0.7 ஆம்பியர்-ஹவர். சின்ன பெட்ரோல் காரில் இருக்கும் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் 21 நாளில் 15 போய்விடும். ஊரடங்கை மே 3 வரை நீட்டினார்களே, அந்த நாற்பது நாளில் கிட்டத்தட்ட 29. அதற்குமேல் சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ சத்தம் மட்டும்தான்.

ஐந்து நிமிடம் ஓடவிட்டால் இது சரியாகிவிடாதா? ஸ்டார்ட் செய்ய இழுத்த கரண்டும் அன்றைக்குக் கசிந்ததும் திரும்பி வரலாம். ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் சுற்றாது என்பதால் அதற்குமேல் பெரிதாக ஏறாது. பலர் ஏ.சி.யையும் பாட்டையும் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள் (வீட்டில் போன் பேச இடமில்லை என்பது வேறு கதை), அப்போது அதுவும் ஏறாது. இது போகட்டும். கெடுதல் இன்ஜினுக்குத்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய சைலன்சரில் அது பறந்துவிடும். ஐந்து நிமிட ஓட்டத்தில் ஆவி ஆறித் தண்ணீராகி அங்கேயே தங்கித் துருப்பிடிக்க வைக்கும். ஆயிலிலும் ஈரம் சேரும், எரியாத பெட்ரோலும் கலக்கும். நாற்பது நாள் பக்தியோடு ஸ்டார்ட் பண்ணியவரின் வண்டியைவிட, பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்து பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டுத் தூங்கப் போனவரின் வண்டிதான் நன்றாக இருந்தது. கழற்ற மனமில்லாதவர்கள் வாரம் ஒரு முறை அரை மணி நேரம் ஓட்டினால் போதும். ஓட்டத்தான் அன்று வழியில்லை.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மாதக்கணக்கில் நிறுத்தினால் பாதுகாப்பு என்பதும் அப்படித்தான். பின்சக்கர லைனிங் டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லோ கட்டையோ அண்டை கொடுத்தால் முடிந்தது.

“பனியன் வேஸ்ட்டை விட மெத்துன்னு எது இருக்குது? தூசியா இருந்தா ஒரு தொடை தொடச்சு விட்டுருங்க.”

திருப்பூர்க்காரரிடம் இதை மறுப்பது கொஞ்சம் சங்கடமான வேலை. தமிழ்நாட்டில் பாதி ஒர்க்‌ஷாப்பில் கை துடைப்பது நம்ம ஊர்க் கட்டிங் டேபிளில் இருந்து போன துண்டுதானே. துணிமேல் குற்றமில்லை, தூசிமேல்தான் குற்றம். மாதக்கணக்கில் நின்ற காரின்மேல் படிந்திருப்பதில் மணல் துகள் இருக்கும். கண்ணாடியையே கீறும் அளவுக்குக் கடினமானது அது. பெயிண்ட்டுக்கு மேலே பளபளப்புக்காக அடித்திருக்கும் கிளியர் கோட் தலைமுடி பருமன்கூட இல்லை, பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். காய்ந்த தூசியை எவ்வளவு மெத்தென்ற துணியால் துடைத்தாலும் துணி மணலைப் பிடித்துக்கொண்டு பெயிண்ட்மேல் வட்டம் போடும். வெயிலில் கறுப்பு காரின் பானெட்டைச் சாய்ந்து பாருங்கள், சிலந்திவலை மாதிரி வட்ட வட்டக் கோடு தெரியும். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவ வேண்டும். துணி அப்புறம்.

வேஸ்ட்டிலும் பார்த்து எடுக்க வேண்டும். வெட்டிய ஓரத் துண்டு நல்லது. தைத்து ரிஜெக்ட் ஆன பீஸை இரண்டாகக் கிழித்துக் கொடுத்தால் அதில் ஓவர்லாக் ஓரம், லேபிள், சில சமயம் ஜிப் பல்கூட இருக்கும். இப்போது நம் ஊரில் பாலியஸ்டர் ஓடுவதும் கூடிவிட்டது. அது தண்ணீரை உறிஞ்சாமல் பரப்பிவிடும். சந்தேகம் வந்தால் வண்டியை விட்டுத் தள்ளி நின்று ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். காட்டன் காகிதம் எரிகிற வாசத்தோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகக் கட்டிக்கொள்ளும்.

“பீரெல்லாம் சரக்குல சேருமாங்க? சூட்டுக்குக் கூலிங்குங்க அது.”

சித்திரை வெயிலில் பூட்டியிருந்த டாஸ்மாக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் சொன்னது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஸ்ட்ராங் பீரில் ஆல்கஹால் 8 சதவீதம் வரை. 650 மில்லி பாட்டிலில் 52 மில்லி சுத்த ஆல்கஹால். பிராந்தி, விஸ்கியில் 42.8 சதவீதம், அதாவது 60 மில்லி லார்ஜில் சுமார் 26 மில்லி. ஒரு ஸ்ட்ராங் பீர் இரண்டு லார்ஜுக்குச் சமம். ‘நான் சரக்கைத் தொடறதில்லீங்க, ரெண்டு பீர் மட்டும்’ என்பவர் நாலு லார்ஜ் போட்டவர். ஒரு குவார்ட்டரைவிடக் கூடுதல்.

எழுபது கிலோ எடையுள்ளவர் ஒரு ஸ்ட்ராங் பீரை வெறும் வயிற்றில் வேகமாகக் குடித்தால் 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராமை ஒட்டி ஏறும். வண்டி ஓட்டுவதற்குச் சட்டம் வைத்த எல்லை 30. மணிக்கு 15 வீதம் இறங்கினால் மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். எலுமிச்சை சாறும் கடுங்காப்பியும் அந்த வேகத்தைக் கூட்டாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். குளிர்ச்சி விஷயமும் தலைகீழ்தான். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை ஆல்கஹால் அடக்கிவிடும். குடித்ததைவிட அதிகம் வெளியேறி, மறுநாள் நாக்கு வறண்டு எழுந்திருப்பீர்கள்.

இன்னொன்று. வீட்டுக்குத் தெரியாமல் டிக்கியில் ஒளித்து வைத்த பீர் நாளாக நாளாக ‘ஏறும்’ என்று சத்தியம் செய்தவர்கள் உண்டு. பாட்டில் பீர் பொதுவாகப் பாஸ்சரைஸ் செய்து அடைத்தது, புளிக்க வைக்க உள்ளே உயிருள்ள ஈஸ்ட் இல்லை. வெயிலில் நின்ற காரின் டிக்கியில் ருசி கெட்டு ஈரமான அட்டைப்பெட்டி வாடை வருமே ஒழிய, வீரியம் ஒரு சொட்டுகூடக் கூடாது.

“ரெண்டு பெக் உள்ள போனா வைரஸ் தொண்டையிலயே செத்துப்போகும்.”

இதைச் சிரித்துக்கொண்டு தாண்ட முடியாது. கையில் தடவும் சானிடைசரில் ஆல்கஹால் குறைந்தது 60 சதவீதம் இருந்தால்தான் வேலை செய்யும், அதுவும் தோலின்மேல். பீரில் 8, பிராந்தியில் 43. தொற்றியபின் வைரஸ் இருப்பது செல்லுக்குள். குடிப்பது அங்கே போய்க் கொல்லாது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத்தான் குறைக்கும். உலக சுகாதார நிறுவனம் 2020 தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிட்டது. ஈரானில் இந்த வதந்தியை நம்பி மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 700 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆந்திராவின் பிரகாசம் மாவட்டம் குரிச்சேடுவில் 2020 ஜூலைக் கடைசியில் பத்துப் பேருக்கு மேல் இறந்தது வேறு காரணத்தால். கடை பூட்டியிருந்ததால் அவர்கள் சானிடைசரையே குடித்தார்கள்.

டாஸ்மாக் திறந்தபோது நடந்ததையும் பலர் மாற்றிச் சொல்கிறார்கள். ‘நாற்பது நாள் பூட்டி ஒரேயடியாகத் திறந்துவிட்டார்கள்’ என்பது சரியல்ல. சென்னை நீங்கலாக 2020 மே 7 அன்று திறந்து, மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொல்லி, 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்து, 16ஆம் தேதி மறுபடி திறந்தார்கள்.

“கொரோனா பீர் கம்பெனியே பேரால மூடிப்போச்சாமே?”

மெக்சிகோவில் 2020 ஏப்ரலில் உற்பத்தியை நிறுத்தியது உண்மை. பேருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அத்தியாவசியம் அல்லாத தொழில்களை அந்நாட்டு அரசு மூடச் சொன்னது, பீர் அந்தப் பட்டியலில் இருந்தது. இங்கே பனியன் கம்பெனிகளை மூடச் சொன்ன அதே மாதிரிதான்.

“பல்லடத்துல பசங்களை நெஜக் கொரோனா பேஷண்ட் கூடவே ஆம்புலன்ஸ்ல போட்டாங்க.”

மாஸ்க் இல்லாமல் ஊர் சுற்றிய இளைஞர்களை ஆம்புலன்ஸில் ஏற்ற, உள்ளே ‘நோயாளி’ எழுந்து வர, அவர்கள் ஜன்னல் வழியாகத் தாவப் பார்க்கும் அந்த வீடியோ 2020 ஏப்ரலில் நாடெல்லாம் ஓடியது. உள்ளே இருந்தவர் நோயாளி அல்ல. திருப்பூர் மாவட்டப் போலீஸ் விழிப்புணர்வுக்காக எடுத்த படம் அது. கேரம் போர்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு டிரோனுக்கு ஒளிந்த வீடியோவும் நம்ம ஊர்தான். வெளியே கிளம்ப இருந்த வண்டிக்காரர்கள் பாதிப் பேரை வீட்டில் உட்கார வைத்தது இந்த இரண்டும்தான் என்பது என் எண்ணம்.

“சானிடைசரைக் கார்ல வெச்சா வெயில்ல வெடிச்சிரும்.”

தானாகப் பற்றாது. தீப்பொறி இல்லாமல் எத்தனால் எரிய 360 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். மூடிய காருக்குள் 70 டிகிரி தாண்டுவதே அரிது. ஆனால் அதன் ஆவி சாதாரண அறைச் சூட்டிலேயே நெருப்பைப் பிடிக்கும். கையில் தடவிய ஈரம் காயுமுன் சிகரெட் பற்றவைப்பதுதான் ஆபத்து.

“பி.எஸ்.4 வண்டியெல்லாம் இனி ஓட்டவே விடமாட்டாங்க, பி.எஸ்.6 பெட்ரோல் போட்டா இன்ஜின் போயிரும்.”

2020 ஏப்ரல் 1 முதல் தடை வந்தது பி.எஸ்.4 வண்டிகளைப் புதிதாக விற்கவும் பதிவு செய்யவும்தான். ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு ஒரு தடையும் இல்லை. விற்காமல் தேங்கிய வண்டிகளில் பத்தில் ஒரு பங்கை ஊரடங்குக்குப் பிறகு பத்து நாளில் விற்கலாம் என்று மார்ச் 27இல் உச்ச நீதிமன்றம் தந்த சலுகையை ஜூலை 8இல் அதுவே திரும்பப் பெற்றது. குழப்பம் அங்கே தொடங்கியது. பெட்ரோல், டீசலில் மாறியதில் முக்கியமானது கந்தகம், பத்து லட்சத்தில் 50 பங்கில் இருந்து 10 ஆனது. பழைய இன்ஜினுக்கு அதனால் நன்மைதான்.

“இ-பாஸ் கையில இருந்தா எங்க வேணாலும் போலாமுங்க.”

முதல் மாதங்களில் இ-பாஸ் கிடைத்தது கல்யாணம், சாவு, மருத்துவம், சொந்த ஊருக்குத் திரும்புதல் ஆகியவற்றுக்கு மட்டும். கல்யாணப் பத்திரிகை அடித்தாவது வால்பாறை போகலாம் என்று பேசியவர்கள் பேச்சோடு நின்றார்கள். 2020 ஜூன் 1 முதல் மாநிலத்தை எட்டு மண்டலமாகப் பிரித்து, மண்டலத்துக்குள் போக பாஸ் வேண்டாம் என்றார்கள். கோவை, நீலகிரி, ஈரோடு, திருப்பூர், கரூர், சேலம், நாமக்கல் ஒரே மண்டலம். சுற்றுலாத் தலங்கள் திறக்கவே இல்லை என்பதை மறந்து கான்ஃபரன்ஸில் அன்று ஒரே கொண்டாட்டம். ஜூன் 25இல் அந்தச் சலுகையும் போய், மாவட்டம் தாண்டப் பாஸ் என்று மாறியது. செப்டம்பர் 1இல்தான் மாநிலத்துக்குள் பொதுவாக நீங்கியது.

2021இல் வேறொரு எல்லை. இரண்டாம் அலை தணிந்து ஜூன் 14 அன்று 27 மாவட்டங்களில் டாஸ்மாக் திறந்தபோது மிச்சமிருந்த பதினொன்றில் கோவை, ஈரோட்டோடு திருப்பூரும் ஒன்று. ஜூலை 5 வரை பூட்டுதான். தாராபுரத்தில் இருந்து பழனி ரோட்டில் போனால் திண்டுக்கல் மாவட்டம், அங்கே கடை திறந்திருந்தது. கேரளாவிலும் சில நாளில் திறந்தார்கள். ‘காசு கொடுத்துப் பில்லோடு வாங்கினதுதானே, பாலக்காட்டில் இருந்து கொண்டு வந்தால் என்ன?’ என்ற கேள்விக்கு விடை 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தில் இருக்கிறது. அனுமதியில்லாமல் வெளிமாநிலப் பாட்டிலை இங்கே கொண்டுவருவதே குற்றம். பில் காப்பாற்றாது, பாட்டிலோடு காரும் பறிமுதலாகலாம்.

‘இ-பாஸெல்லாம் கொரோனாவோட முடிஞ்சுதுங்க’ என்று கிளம்பி மலையடிவாரச் செக்போஸ்டில் நிற்பவர்களை இப்போதும் பார்க்கலாம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. காரணம் கிருமி இல்லை, வண்டி நெரிசல். 2025 கோடை சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வாரக்கடைசியில் 8,000 வண்டி என்று உச்ச வரம்பும் வைத்தார்கள். டி.என்.43 என்று நீலகிரியில் பதிவான உள்ளூர் வண்டிக்கு விலக்கு உண்டு. நம்ம டி.என்.39, 42, 78 வண்டிகளுக்குக் கிடையாது.