மெல்லச் செல்வோரும் வீழ்வதேன்?

விரைவே விபத்துக்குக் காரணம் என்பது சாலையோரத்துப் பலகைகள் யாவும் நமக்குப் புகட்டும் பாடம். அப்பாடம் மெய்யே, ஆயினும் முழுமெய் அன்று. தஞ்சை நாட்டு நெல்வயல்களினூடே மோட்டார் சைக்கிளில் செல்வார், வண்டி பறக்கும்போது வீழாது, மதகடியில் திரும்பும்போதும், களத்து வாயிலில் நிறுத்தும்போதும், எதிரே வந்த ஆட்டுக்கு வழிவிடும்போதும் வீழ்வதைக் காண்கின்றோம். மணிக்கு 15 அல்லது 20 கிலோமீட்டர் அளவே வேகம். முன் பிரேக்கைச் சற்றே அழுத்தினார். முன்சக்கரம் பக்கவாட்டில் ஓடிற்று. அவர் தரையிலே கிடக்கின்றார். எழுந்தவர், "நான் மெல்லத்தானே வந்தேன்!" என்று வியக்கின்றார். அவ்வியப்புக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் பயிலும் மாணவர்க்குச் சக்கரத்தோடு என்ன தொடர்பு என்று வினவுவார் உளராகலாம். தொடர்பு உண்டு. இலக்கணத்திலே பிழையை 'வழு' என்கின்றோம். ஈரத்தரையின் இயல்பை 'வழுக்கு' என்கின்றோம். நெறி தவறுதலை 'வழுவுதல்' என்கின்றோம். கால் நிலைதவறுவதும் சொல் நிலைதவறுவதும் ஒன்றே எனக் கண்டனர் நம் முன்னோர். வழுக்குநிலத்தைக் குறிக்கும் 'இழுக்கல்' என்னுஞ் சொல்லைத் திருவள்ளுவரும் கேள்வி அதிகாரத்தில் ஆண்டு, அத்தகைய நிலத்தில் நடப்பார்க்கு உதவும் ஊன்றுகோலைச் சான்றோர் வாய்மொழிக்கு உவமையாக்கினார். வயலும் வரப்புமாய் வாழ்ந்த மக்களுக்கு வழுக்குதல் புதிய செய்தியன்று. புதியது, கால் இருந்த இடத்தில் சக்கரம் வந்ததே.

முதலாவது, பிடிப்பு என்பது யாது? டயர் தரையைப் பற்றுவது உராய்வினால். உராய்வின் அளவு அழுத்தும் பாரத்துக்கு ஏற்ப மிகும் என்பதை அமோந்தோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1699-இல் எடுத்துரைத்தார். கூலோம் என்பவர் 1785-இல் வெளியான தம் ஆராய்ச்சியில் அதனை மேலும் விளக்கினார். டயரின் ரப்பர் அவ்விதிக்கு முற்றும் அடங்குவதில்லையெனினும், நம் கணக்குக்கு அதுவே போதும். உலர்ந்த தார் ரோட்டில், டயரின்மேல் உள்ள பாரம் 100 கிலோவாயின், அதைப் பிடித்து நிறுத்தக் கிடைக்கும் விசை ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமமாகும். சேறோ மணலோ படர்ந்த ரோட்டில் அது 30 கிலோ அளவுக்கும் தாழும். மேலும், உருளும் சக்கரத்துக்கு உள்ள பிடிப்பு, பூட்டுண்டு வழுக்கும் சக்கரத்துக்கு இல்லை. ஆதலின் ஒருமுறை வழுக்கத் தொடங்கிய சக்கரம் தானே நின்றுகொள்வதில்லை.

இரண்டாவது, பிரேக்குப் பிடித்தால் பாரம் முன்னே சாய்கின்றது. பேருந்து திடீரென நிற்கும்போது நின்றுகொண்டிருப்போர் முன்னே சாய்வதை ஒப்பது இது. ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். வண்டியும் ஓட்டுவாரும் சேர்ந்து 200 கிலோ. நிற்கையில் முன்சக்கரத்துக்கு 100, பின்சக்கரத்துக்கு 100. சக்கரங்களின் இடைத்தூரம் 1.3 மீட்டர், எடையின் நடுமையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரம். உலர்ந்த ரோட்டில் இரு பிரேக்கையும் இயன்ற அளவு பிடித்தால், 70 கிலோ பாரம் பின்னிருந்து முன்னே பெயரும். அப்போது முன்சக்கரத்தில் 170, பின்சக்கரத்தில் 30. நிறுத்தும் விசையில் முன்சக்கரத்தின் பங்கு 119 கிலோ. பின்சக்கரத்தின் பங்கு 21 கிலோ.

அதே வண்டி சேற்று ரோட்டில் வந்தால் பெயரும் பாரம் 30 கிலோ மட்டுமே. முன்னே 130, பின்னே 70. நிறுத்தும் விசையோ முன்சக்கரத்துக்கு 39 கிலோ. பின்சக்கரத்துக்கு 21 கிலோ. இவ்வெண்களை ஒருமுறை உற்று நோக்குக. பின்சக்கரத்தின் பங்கு இரு ரோட்டிலும் 21 ஆகவே நிற்க, முன்சக்கரத்தின் பங்கு 119-இலிருந்து 39-ஆக, மூன்றில் ஒரு கூறாகச் சுருங்கிற்று. பின் பிரேக்கை மிதிக்கும் கால் பழகிய அளவே மிதித்தாலும் பெருந்தீங்கு இல்லை. முன் பிரேக்கைப் பிடிக்கும் கையோ, உலர்ந்த ரோட்டில் பழகிய அளவைச் சேற்றிலே பிடித்தால், சக்கரம் அக்கணமே பூட்டுண்டுவிடும். குற்றம் கையினதன்று; கையின் பழக்கத்தினது.

இன்னொன்றும் உண்டு. பாரம் முன்னே பெயர்வதற்குச் சிறிது நேரம் வேண்டும்; முன்பக்கத்துச் சுருள்வில் அமுங்கிய பின்னரே டயர் தரையில் ஊன்றும். கையோ அதனினும் விரைவாக அழுத்திவிட வல்லது. அவ்விடைப்பொழுதில் முன்சக்கரத்தில் இருப்பது பழைய 100 கிலோ பாரமே. ஆதலின் சேற்றில் 39 அன்று, 30 தான் கிடைக்கும். உலர்ந்த ரோட்டிலும் 119 அன்று, 70 தான். சட்டெனப் பற்றுவதற்கும் படிப்படியாக அழுத்துவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இனி, மெல்லச் செல்லும்போது இத்தீங்கு மிகுவதேன் என்பதை ஆராய்வோம். மெல்லச் செல்வார் ஹாண்டில்பாரை மிகுதியாகத் திருப்புவர். திரும்பும் டயர் தன் பிடிப்பில் ஒரு பகுதியைப் பக்கவாட்டுக்குச் செலவிடுகின்றது. கிடைக்கும் பிடிப்பு 39. திரும்புதற்கு 25 செலவானால், பிரேக்குக்கு எஞ்சுவது 30 அளவே. இரண்டையும் சேர்த்துக் கேட்பார்க்குத் தரை இரண்டையும் மறுத்துவிடும்.

அன்றியும், இருசக்கர வண்டி நிமிர்ந்து நிற்பதன் மறையை அறிதல் வேண்டும். வண்டி எப்பக்கம் சாய்கின்றதோ அப்பக்கம் முன்சக்கரத்தை நாம் அறியாமலே சிறிது திருப்பி, சக்கரத்தை நம் பாரத்தின்கீழ்க் கொணர்ந்து நிறுத்துகின்றோம். உருளும் சக்கரமே இதற்கு உதவும். பூட்டுண்ட சக்கரம், எப்பக்கம் திருப்பினும், தான் வழுக்கும் திசையிலேயே செல்லும். பின்சக்கரம் பூட்டுண்டால் வண்டியின் வால் அசையும். முன்சக்கரம் நம் கையிலிருக்கும். மிதியை விட்டால் பெரும்பாலும் தப்பலாம். முன்சக்கரம் பூட்டுண்டால் கையிலிருப்பது வெறும் இரும்பு. வேகத்திலே வண்டிக்குத் தானே நிமிர்ந்தோடும் இயல்பு ஓரளவு உண்டு; மெல்லச் செல்கையில் அதுவும் குன்றிவிடுகின்றது. ஆகவே ஓட்டுவார் நினைக்குமுன் வீழ்ச்சி முடிந்துவிடுகின்றது.

மூன்றாவது காரணம் நம் நாட்டின் இயல்பைச் சார்ந்தது. நாம் மெல்லச் செல்லும் இடங்களே வழுக்கும் இடங்கள். பழைய காவிரிப் பாசன நிலம் வண்டற் களிமண். நனைந்தால் சோப்புப் போலாகும். மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தபின் தண்ணீர் வரும் நாளை எண்ணியே இங்கு உழவு நடைபெறுகின்றது. வழக்கமான நாள் ஜூன் 12. உழவுக்காலத்தில் தொளியுழுத டிராக்டர் இரும்புக் கூண்டுச் சக்கரத்தோடு கரையேறுமிடமெல்லாம் தார் ரோட்டில் சேற்றுக்கட்டிகள் விழுகின்றன. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையின் வாயிலிலும், சம்பா அறுவடை தையை ஒட்டியும் வருகின்றன. அந்நாட்களில் தஞ்சை, திருவையாறு, பாபநாசம், மன்னார்குடிப் பக்கத்து ரோடுகளில் நெல்லும் வைக்கோலும் பரப்பப்படுதல் உண்டு. டயரின்கீழ் நெல்மணி உருளையாகின்றது. நனைந்த வைக்கோல் பாய்போல் நகர்கின்றது. நெடுநாள் வெயிலுக்குப்பின் பெய்யும் முதல் தூறலோ, ரோட்டில் படிந்த எண்ணெயையும் புழுதியையும் குழைத்துப் பூசிவிடுகின்றது; பெருமழை அதனைக் கழுவிவிடும்; தூறல் கழுவாது.

இதற்காக உழவரை நோவது அறமன்று. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்பது பொதுவிதி; மழைமிகுந்த ஆண்டுகளில் அது தளர்த்தப்படுவதுண்டு. களம் போதாத ஊரிலே, வெயில் காணும் இரண்டு நாளில் நெல்லை உலர்த்த வேண்டியவர்க்குச் சூடேறிய தார் ரோட்டைவிட நல்ல களம் எங்கே? நாம் உண்ணும் சோறு அவ்வழியே வருகின்றது. ஊர்தோறும் போதிய உலர்களம் அமைதலே இருவர்க்கும் நன்மை. அதுவரை, அவர் நெல்லையும் நம் உயிரையும் காப்பது நம் கையின் கடமை.

"அப்படியாயின் முன் பிரேக்கைத் தொடாமலே ஓட்டினால் என்?" என்று வினவலாம். ஊர்களில் பெரியோர் பலர் இளையோர்க்குக் கூறும் அறிவுரையும் இதுவே. அன்பினால் கூறியது, ஆயினும் தவறானது. மேற்கூறிய வண்டி உலர்ந்த ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். இரு பிரேக்கும் நன்கு பிடித்தால் ஏறக்குறைய 9 மீட்டரில் நிற்கும். பின் பிரேக்கு மட்டும் பிடித்தால் 24 மீட்டர் வேண்டும். சேற்று ரோட்டில் இரு பிரேக்கும் அளவறிந்து பிடித்தார்க்கு வேண்டுவதோ 21 மீட்டர். எனவே பின் பிரேக்கு ஒன்றையே நம்புவார், உலர்ந்த நல்ல ரோட்டையும் தாமே சேற்று ரோடாக்கிக்கொள்கின்றார். குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கும் நமக்கும் இடையே அப்பதினைந்து மீட்டர் எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. முன் பிரேக்கை விலக்குதல் அன்று, அதனை ஆளுதலே கற்கத்தக்கது.

இயந்திரமும் ஓரளவு துணைசெய்யும். 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் புதிய மோட்டார் சைக்கிள்களில், 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றுக்கு ஏ.பி.எஸ். என்னும் சக்கரம் பூட்டாக் கருவி கட்டாயமாயிற்று. அதற்குட்பட்டவற்றுக்கு இரு பிரேக்கையும் இணைக்கும் அமைப்பேனும் வேண்டுமென விதிக்கப்பட்டது. ஏ.பி.எஸ். சக்கரம் நிற்கப் போவதையறிந்து பிரேக்கைக் கணந்தோறும் தளர்த்தி இறுக்கும். ஆயினும் நடைவேகத்துக்கு அருகே அக்கருவி பொதுவாக ஓய்ந்துவிடும்; இல்லாத பிடிப்பை அது உண்டாக்கவும் மாட்டாது. அதற்கு முன் வாங்கிய பழைய வண்டிகளோ நம் ஊர்களில் இன்றும் மிகப்பல. ஆதலின் கருவியைவிடக் கையே நமக்கு முதற்காவல்.

கைக்கு வேண்டிய பாடங்கள் சிலவே. வேகத்தைக் குறைக்கும் வேலையைத் தூய ரோட்டிலேயே, வண்டி நிமிர்ந்து ஹாண்டில்பார் நேராக இருக்கும்போதே முடித்துவிடுக. சேற்றின்மேல் ஏறியபின் பிரேக்கையும் திருப்பத்தையும் தேடாது, ஒரே சீராக உருண்டு கடக்க. பின் பிரேக்கை மென்மையாகத் தொடங்கி, முன் பிரேக்கை இரு விரலால், பழுத்த பழத்தைப் பதம் பார்ப்பதுபோல் முதலில் சிறிது அழுத்தி, வண்டியின் முன்பக்கம் அமுங்கியதை உணர்ந்தபின் மேலும் அழுத்துக. முன்சக்கரம் வழுக்கிற்று என்று உணர்ந்த கணமே முன் பிரேக்கை விட்டுவிடுக. அச்சம் இறுக்கச் சொல்லும், அறிவு விடச் சொல்லும். தேய்ந்த டயரை மாற்றுவதில் சிக்கனம் வேண்டா. மக்கள் நடமாட்டமில்லாத திடலில், பழகியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, நேர்கோட்டிலே பலமுறை நிறுத்திப் பழகுக. இலக்கண விதியை ஓதினால் மட்டும் பிழையின்றி எழுத வாராது. எழுதி எழுதியே வரும். இதுவும் அத்தகையதே.

இறுதியாக ஒன்று. "பக்கத்து ஊருக்குத்தானே, மெல்லத்தானே போகிறேன்" என்று தலைக்கவசத்தை வீட்டில் வைத்துச் செல்வார் பலர். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு அதனை அணியப் பணிக்கின்றது. சட்டத்தினும் வலியது கணக்கு. வண்டியில் அமர்ந்தவர் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 19 கிலோமீட்டருக்கு மேற்படும். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் இவ்வளவே. ஆகவே மெல்லச் செல்வார் தலைக்கு மெல்ல விழுதல் என்பதொன்று இல்லை. பின்னே ஒருக்களித்து அமர்ந்திருக்கும் அன்னைக்கும், அவர் மடியிலுள்ள குழந்தைக்கும் இக்கணக்கே பொருந்தும். அவர்கள் ரோட்டைப் பார்ப்பதில்லை. நம் முதுகைப் பார்த்து நம்பி வருகின்றனர்.

மணலின்மேல் வீடு கட்டினவனுடைய உவமையை நாம் சிறு வயதிலேயே கேட்டிருக்கின்றோம். அவன் உழைப்பிலே குறைந்தவன் என்று அங்குக் கூறப்படவில்லை. தன் காலின்கீழ் உள்ளது யாதென ஆராயாமையே அவன் குற்றம். வேகத்தைக் காட்டும் முள்ளை மட்டும் நோக்கி மனநிறைவு கொள்வாரும் அவனைப் போன்றவரே. நண்பர்காள், முள்ளை நோக்குமுன் தரையை நோக்குங்கள். தரை தருவதற்கு மேல் அதனிடம் கேளாதிருங்கள்.