நடுவில் நிறுத்த முடியுமா?

தருமபுரியிலிருந்து ஓசூருக்கு வேலைக்குப் போகிறவரின் நாள் கணக்கு எளிது. எட்டு மணி நேர ஷிஃப்ட். கம்பெனி பஸ்ஸோ ரயிலோ, போக வர மூன்று நான்கு மணி நேரம். சாப்பாடு, குளியல், தூக்கம், வீட்டு வேலை போக மிஞ்சுவது ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம். அதுவும் ஒரே துண்டாக இருக்காது. பஸ்ஸில் இருபது நிமிடம், கேன்டீனில் பத்து நிமிடம், படுக்கும் முன் அரை மணி என்று சிதறிக் கிடக்கும். பெங்களூரு வரை போகிறவருக்கு இன்னும் குறைவு. உள்ளூரிலேயே வங்கியிலும் தாலுகா ஆபீஸிலும் பள்ளியிலும் இருப்பவர்களுக்குப் பயணம் மிச்சம். மிச்சமானதை வாட்ஸாப் குரூப்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன.

ஆகவே பொழுதுபோக்கைத் தேடும்போது ‘எனக்கு என்ன பிடிக்கும்?’ என்று யோசிப்பதற்கு முன் இன்னொன்றைக் கேளுங்கள்: இதை நடுவில் நிறுத்த முடியுமா? யாராவது கூப்பிட்டால் எழுந்து போய்விட்டு, நாளைக்கு விட்ட இடத்தில் தொடரலாம் என்றால் அது உங்களுக்கானது. ரீல்ஸ் இதில் தேறாது, ஏனென்றால் நிறுத்துவதற்கு ஒரு இடமே அதில் வைக்கப்படவில்லை. வெப்சீரிஸ் அதைவிட மோசம். எபிசோட் முடிகிற நொடியில் கொக்கி போட்டு அடுத்ததற்கு இழுப்பதுதான் அதன் தொழில்.

வீடியோ கேம் உலகில் இந்தத் தேவைக்கென்றே ‘கோஸி கேம்’ என்று ஒரு வகை வளர்ந்திருக்கிறது. சுடுவது கிடையாது, விரட்டுவது கிடையாது, தோற்றுவிடுவோமோ என்ற படபடப்பும் பெரிதாக இல்லை. தோட்டம் போடலாம், மீன் பிடிக்கலாம், வீடு மாறி வந்தவரின் பெட்டிகளைப் பிரித்துச் சாமான்களை அடுக்கலாம். கடைசியாகச் சொன்னது ‘அன்பேக்கிங்’ என்ற விளையாட்டு, 2021-இல் வந்தது. வீட்டில் ஒரு பாத்திரத்தையும் எடுத்து வைக்காதவர்கள்கூட அதில் மணிக்கணக்கில் அடுக்குகிறார்கள்.

போனிலேயே ஆட வேண்டுமென்றால் ‘ஸ்டார்டியூ வேலி’யில் தொடங்குங்கள். எரிக் பரோன் என்ற இளைஞர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியாளாக உட்கார்ந்து உருவாக்கி 2016-இல் வெளியிட்டது. கதை நம் ஆட்களுக்கு நன்றாகப் புரியும்: கம்பெனி வேலையில் நொந்துபோன ஒருவர், தாத்தா விட்டுப்போன நிலத்துக்குத் திரும்பிப் பயிர் வைக்கிறார். விளையாட்டில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 14 நிமிடம். போன் பதிப்பை அதற்கு நடுவிலும் நிறுத்தலாம். ஒரு முறை காசு கொடுத்து வாங்கினால் போதும், விளம்பரம் வராது. நெட் வேண்டாம் என்பதால் ராயக்கோட்டை மலைப்பக்கம் ரயிலில் சிக்னல் போனாலும் கவலையில்லை. அதில் விளைகிற தக்காளிக்கு விலை எப்போதும் சரியாது. பாலக்கோடு மண்டிக்குக் கூடை ஏற்றி அனுப்பியவர்களுக்கு அது கற்பனைக் கதை என்பது அந்த இடத்தில்தான் உறைக்கும்.

இலவசம் என்று வருகிற ‘பண்ணை’ விளையாட்டுகளில் மட்டும் கவனம். பயிர் காய்கிறது, உடனே வா என்று மணிக்கொரு முறை அறிவிப்பு அனுப்புகிறவை ஓய்வு தருவதில்லை. இன்னொரு சூப்பர்வைசரைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அழைத்து வந்த மாதிரிதான். பணம் கட்டி ஆடும் ரம்மி வகையறா இந்தப் பேச்சிலேயே சேராது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவற்றைத் தடை செய்து சட்டமே இயற்றிவிட்டது.

போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் தொழிற்சாலைகள் உண்டு. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஆடுபுலி ஆட்டம்தான். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் வரைந்து, புளியங்கொட்டையை ஆடாகவும் சட்டைப் பொத்தானைப் புலியாகவும் வைத்தால் வேலை முடிந்தது. மடித்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். புள்ளிகளுக்கு எண் போட்டு வைத்தால் சங்கு ஊதும்போது எந்தக் காய் எங்கே இருந்தது என்று குறித்துக்கொண்டு மறுநாள் தொடரலாம். புலியாக ஆட எல்லோரும் போட்டி போடுவார்கள். ஆடாக ஆடுகிறவருக்குத்தான் மூளைக்கு வேலை, அவசரப்படாமல் சேர்ந்து நகர்ந்து புலியை மடக்க வேண்டும்.

வீட்டில் பல்லாங்குழி. குழிக்கு ஐந்து வீதம் 14 குழிக்கு 70 கொட்டை. புளி தட்டும் வீடுகள் நிறைந்த இந்த மாவட்டத்தில் கொட்டைக்குப் பஞ்சமில்லை. பலகை கிடைக்காவிட்டால் தரையில் சாக்பீஸால் வட்டம் போதும். துணைக்கு ஆள் இல்லையா? ஒருவரே ஆடும் சீதைப்பாண்டி இருக்கிறது, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு வேலை உளவியலில் ஒரு நல்ல அளவுகோல் உண்டு. சபீன சோனன்டாக், சார்லட் ஃப்ரிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்டது. வேலைக் களைப்பு தீர நான்கு வகை அனுபவம் உதவும் என்பது அவர்கள் கணக்கு: வேலையை மனதிலிருந்து இறக்கி வைப்பது, தளர்வாக இருப்பது, புதிதாக ஒன்றில் கை தேர்வது, என் நேரம் என் கையில் இருக்கிறது என்ற உணர்வு. உங்கள் வேலை இவற்றில் எதைப் பறிக்கிறது என்று பாருங்கள். அசெம்ப்ளி லைனில் ஒரே ஸ்குருவை நாள் முழுக்க முடுக்குகிறவருக்குக் கை தேர்கிற சந்தோஷம் கிடைப்பதில்லை. அவர் புல்லாங்குழலோ எம்பிராய்டரியோ கற்கலாம். தினம் பத்து நிமிடம் போதும். கவுன்டரில் நூறு பேருக்குப் பதில் சொல்கிறவருக்கு இன்னொரு குரல் கேட்காத பொழுதுபோக்கு வேண்டும்: மொட்டைமாடியில் நான்கு தொட்டிச் செடி, அல்லது ஒரு புத்தகம். மாலைவரை பரீட்சைத் தாள் திருத்திய ஆசிரியரிடம் சுடோகுவைக் கொடுப்பது கொடுமை, அவர் நடக்கப் போகட்டும். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவருக்கு முதல் பொழுதுபோக்கு தூக்கம்தான். மற்றது எழுந்த பிறகு.

வார விடுமுறையை முழுக்கத் தூங்கியே கழிக்க வேண்டாம். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தின் நடுகற்களைப் பார்த்துவிட்டு, உங்கள் ஊர் எல்லையில் கேட்பாரற்று நிற்கும் கல்லைத் தேடிப் போய்ப் படம் எடுத்து, அதில் இருப்பவன் கையில் என்ன ஆயுதம், காலடியில் மாடு இருக்கிறதா என்று நோட்டில் எழுதி வையுங்கள். மாதம் ஒரு கல் என்றாலும் ஆண்டுக்கணக்கில் ஓடும் வேலை இது, யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

உடம்பு வலிக்கிறது என்றால் ஒகேனக்கல். எண்ணெய் தேய்த்துவிட அங்கே ஆள் இருக்கிறார்கள், பிறகு அருவிக் குளியல். ஷிஃப்ட்காரர்களுக்கு வார நாளில் விடுமுறை வருவது இங்கேதான் கைகொடுக்கும், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இருக்காது. கிளம்பும் முன் காவிரி நீர்வரத்துச் செய்தியை ஒரு முறை பாருங்கள். கர்நாடக அணைகளிலிருந்து தண்ணீர் கூடுதலாகத் திறந்தால் குளிக்கவும் பரிசலுக்கும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும்.