சிம்பலைப் பிடிக்கும் கை

சங்கீதம் 150-இல் வாசிக்கிற கைத்தாளத்தைக் கை பிடித்திருந்தது. நம்முடைய டிரம்ஸில் அந்த வேலை ஸ்டாண்டுக்கு. கை தாளத்தை இறுக்காது, ஆடவிடும் அல்லவா? நல்ல சிம்பல்களில் பல, 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் கலந்த வெண்கலம். ஓசை அருமை, ஆனால் வெடிக்கிற சாதி. ஆகவே மேலேயுள்ள விங் நட்டை முறுக்காதேயுங்கள், சிம்பல் ஊசலாடட்டும். கம்பிமேல் பிளாஸ்டிக் குழாய், சிம்பலுக்குக் கீழும் மேலும் கம்பளி வாஷர், இவை கட்டாயம். குழாய் தொலைந்துபோனால் (எப்போதும் அதுதான் தொலையும்!) இரும்பு மரை நடு ஓட்டையை அறுத்து, சாவித் துவாரம்போல ஆக்கிவிடும். விரிசல் அங்கிருந்தே கிளம்பும். பூம் ஸ்டாண்டு என்றால், கால்களை நன்றாய் விரித்து, நீண்ட கைக்கு நேர் கீழே ஒரு காலை வையுங்கள். இல்லையேல் பாரத்தோடு முன்பக்கம் சாயும். அங்கேதானே பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள்.