வீட்டுக் கணினியில் துணைமென்பொருளைச் சோதித்துப் பார்த்தல்

களமருதூர் என்ற ஊர்ப்பெயரைக் கணினியில் இரண்டு விதமாக அடிக்க முடியும். ஒன்றில் கடைசி எழுத்து 'ர' என்ற மெய்யும் புள்ளியும். மற்றொன்றில் துணைக்காலும் புள்ளியும்: களமருதூா். அச்சில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு அவை வேறு வேறு. ஒருங்குறியில் 'ர' 2992ஆம் எண், துணைக்கால் 3006ஆம் எண். மாணவர் பட்டியலில் 'குமார்' என்று தேடினால், துணைக்காலிட்டு அடிக்கப்பட்ட 'குமாா்' கிடைக்காது. அகரவரிசைப்படுத்தினாலும் அவன் பெயர் இடம் மாறிப் போய் நிற்கும். தட்டச்சுப் பொறியில் பழகியவர்கள் காலை அடித்துப் புள்ளி வைத்ததால் வந்த வழக்கம் இது. தாளில் அது யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. எமிஸ் போன்ற தரவுத்தளத்தில் ஒரு குழந்தையின் பெயர் அப்படி ஏறிவிட்டால் மாற்றுச் சான்றிதழ் வரை பின்தொடரும்.

ஆகவே தமிழ் உள்ளீட்டு மென்பொருளைத் தேர்வது வசதி பற்றிய விஷயம் மட்டுமன்று. பள்ளிக் கணினியில் நிறுவுமுன் வீட்டுக் கணினியில் அதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. எப்படிச் சோதிப்பது என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில் ஒரு கேள்வி: புதிதாக நிறுவத்தான் வேண்டுமா? தமிழ் 99 விசைப்பலகை, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசால் ஏற்கப்பட்டது. நெடுங்காலம் அதைப் பெற இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவசத் துணைமென்பொருள்களே வழி. ஆர்வலர்கள் உழைத்துக் கொடுத்த அந்த மென்பொருள்களால்தான் நம்மில் பலர் தமிழில் அடிக்கத் தொடங்கினோம். இன்றோ விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் மொழி அமைப்புக்குள் சென்று தமிழைச் சேர்த்தாலே தமிழ் 99 கிடைக்கிறது. லினக்ஸிலும் உண்டு. இருப்பது போதுமென்றால் கூடுதலாக எதையும் ஏற்ற வேண்டாம்.

போதவில்லை என்றால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நிறுவுங்கள். இரண்டு உள்ளீட்டு மென்பொருள்கள் ஒன்றாக ஓடினால் ஒரே விசைக்கு இரண்டும் பாயும். எது தவறு செய்கிறது என்று தெரியாது. நிறுவுமுன் கணினியில் மீட்புப் புள்ளி ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். நிறுவும்போது வேறு எதையும் சேர்த்து ஏற்ற அனுமதி கேட்கும் கட்டங்களில் உள்ள குறியை நீக்கிவிடுங்கள்.

அடுத்ததாக, சோதனைச் சொற்கள். கையில் ஒரு சிறு பட்டியல் இருக்கட்டும்: களமருதூர், கள்ளக்குறிச்சி, வெள்ளிமலை, மமதை, ஔவையார், கௌதாரி. இவற்றை நான் சும்மா எடுக்கவில்லை. தமிழ் 99இல் ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். எனவே கள்ளக்குறிச்சியை க, ள, ள, க, க, உ, ற, இ, ச, ச, இ என்று பதினொரு தட்டல்களில், புள்ளி விசையைத் தொடாமலே அடிக்கலாம். சரியாக வரவில்லை என்றால் அந்த மென்பொருள் தமிழ் 99ஐ முழுமையாகச் செயல்படுத்தவில்லை என்று பொருள். 'மமதை'யில் இதற்கு நேர்மாறான தேவை: இரண்டு ம-வுக்கும் நடுவே அகரத்தை அடித்தால்தான் புள்ளி விழாமல் நிற்கும். 'ந, த' என்று அடித்தால் 'ந்த' ஆவதையும் பாருங்கள்.

ஔவையாரும் கௌதாரியும் இன்னொரு சிக்கலைக் காட்டும். 'கௌ' என்பதைப் பலர் 'கெ', 'ள' என்று இரண்டாக அடித்துவிடுகிறார்கள். கண்ணுக்கு வேறுபாடு சொற்பம். தேடலில் கௌதாரி கிடைக்காது. ஒரு சொல்லை அடித்தபின் அதைச் சரியாக அடித்த கோப்பில் தேடிப் பாருங்கள், கிடைத்தால் சரி. கண்ணை நம்புவதைவிட இது உறுதியானது.

சொல்திருத்தியைச் சோதிப்பது சற்று வேறு. லிப்ரே ஆபீஸில் தமிழ்ச் சொல்திருத்தியை நீட்சியாகச் சேர்க்கலாம். பிழையற்ற இருபது சொற்களையும் பிழையுள்ள பத்துச் சொற்களையும் கலந்து எழுதி, எத்தனைக்குச் சிவப்புக் கோடு விழுகிறது என்று எண்ணுங்கள். 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும்' போன்ற நீண்ட சொல்லையும் சேருங்கள். தமிழில் ஒரு வேர்ச்சொல் எண்ணற்ற வடிவம் எடுப்பதால் சரியான சொல்லுக்கும் கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்த்து ஒரு மாணவி சரியான சொல்லை அழித்துவிடக் கூடும். என் கருத்தில், நல்ல சொல்லைப் பிழையென்னும் திருத்தி, பிழையைத் தவறவிடும் திருத்தியைவிட வகுப்பறைக்குக் கேடு.

உலாவியில் சேர்க்கும் நீட்சிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நிறுவும்போது 'எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்டால் நின்று யோசியுங்கள். தட்டச்சுக்கு உதவும் நீட்சிக்கு நீங்கள் அடிப்பது தெரிந்தே ஆக வேண்டும். எமிஸ் கடவுச்சொல்லும் அதில் அடங்கும். சோதனைக்கென உலாவியில் தனிச் சுயவிவரம் ஒன்றை உருவாக்கி, அதில் பள்ளிக் கணக்கு எதிலும் நுழையாமல் ஒரு வாரம் பயன்படுத்துங்கள். கணினி மந்தமானாலோ வேறு சிக்கல் தோன்றினாலோ எல்லா நீட்சிகளையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். ஃபயர்பாக்ஸில் இதற்கெனவே சிக்கலறியும் முறை உள்ளது.

நீக்கிப் பார்ப்பதும் சோதனையில் சேரும். நீக்கியபின் நீங்கள் அடித்த கோப்பு மற்றொருவர் கணினியில் அப்படியே திறக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வினாத்தாள், அந்த எழுத்துரு இல்லாத உளுந்தூர்பேட்டை அச்சகத்தில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். ஒருங்குறியில் அடித்தால் அந்தத் தொல்லை இல்லை. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றதன் பயன் இதில்தான் கண்கூடு.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை இதையே ஒரு செயல்பாடாகத் தரலாம். தம் ஊர்ப்பெயரை இருவிதமாக அடித்த கோப்பைக் கொடுத்து, எந்த வரிகளைத் தேடல் கண்டுபிடிக்கவில்லை என்று மாணவர்கள் குறிக்கட்டும். பிறகு தம் பெயரைத் தாமே அடித்து, வகுப்புப் பட்டியலில் தேடிப் பார்க்கட்டும்.