காயமுற்றவர் மீண்டும் கல்வி கற்கலாமா?



மலையகத்திலே மழைக்குப் பேர்போன ஊர் வட்டவளை. சில ஆண்டுகளுக்கு முன், அப்படியொரு மழைநாளில், நாவலப்பிட்டிப் பக்கமிருந்து வந்த ரயிலிலிருந்து ஓர் இளைஞர் ஊன்றுகோலுடன் இறங்கினார். முல்லைத்தீவிலிருந்து வந்தவர். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அருகிலுள்ள தோட்டமொன்றில் அவருடைய அத்தை இருந்தார். அந்த அத்தையையும் அவருடைய லயத்துக் காம்பராவையும் தவிர, போக்கிடம் என்று அவருக்கு வேறொன்றும் இல்லை.

தோட்டத்து மக்கள் இரக்கமுள்ளவர்கள். அரிசி கொடுத்தார்கள், சம்பள நாளில் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். "பாவம், இனி இவன் என்ன செய்யப் போறான்?" என்று எல்லாரும் கேட்டார்கள். ஆனால் அவரிடம் எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நாமாகவே கூடி முடிவுசெய்து, ஒரு சிறு கடை போட்டுக் கொடுத்தோம். ஆறு மாதத்தில் கடன் கொப்பி நிறைந்தது; கடை மூடப்பட்டது. அதன் பின்னரே, வெட்கத்தோடு, "தம்பி, உமக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டேன். "எட்டாம் வகுப்போட நிண்டது, சாமி. ஓ லெவல் எழுதோணும்" என்றார்.

அந்த ஒரு மறுமொழியே இவ்வாரப் பாடத்தின் காரணம்.

இவர்கள் யாவர்?

1977ஆம் ஆண்டின் வன்செயலுக்குப் பின்னும், 1983ஆம் ஆண்டின் வன்செயலுக்குப் பின்னும், தோட்டங்களைவிட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளிற் குடியேறிய மலையகக் குடும்பங்கள் பல. பாதுகாப்புத் தேடிப் போன இடத்திலேயே போர் அவர்களைச் சூழ்ந்தது. அவர்களுடைய பிள்ளைகளிற் பலர் விரும்பியோ விரும்பாமலோ ஆயுதம் ஏந்தினர். 2009ஆம் ஆண்டு மே மாதம் போர் முடிந்தபின், ஏறத்தாழ 12,000 பேர் அரசின் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் 594 பேர் சிறுவர்கள். அச்சிறுவர்களிற் பலர் இரத்மலானை இந்துக் கல்லூரியிலே படிப்பைத் தொடர வாய்ப்புப் பெற்றனர். அன்று பதினேழு வயதாயிருந்தோர் இன்று முப்பதைத் தாண்டியவர்கள்.

மறுபக்கத்தையும் மறவாதிருப்போம். நம் தோட்டங்களை அடுத்துள்ள சிங்களக் கிராமங்களிலிருந்து இராணுவத்திற் சேர்ந்து, கால் இழந்தும் கண் இழந்தும் திரும்பியவர்கள் உண்டு. அவர்களுக்கென ராகமையில் ரணவிரு செவன என்னும் புனர்வாழ்வு நிலையம் உண்டு. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரணவிரு சேவை அதிகாரசபையும் அமைந்தது. ஆயினும் முறிந்த எலும்புக்கு இனம் இல்லை. இரு தாய்மாரின் கண்ணீரும் ஒரே உப்புத்தான்.

உலகம் கற்ற பாடம்

முதலாம் உலகப் போரிலே காயமுற்ற இந்தியச் சிப்பாய்களுக்காக 1917ஆம் ஆண்டு பம்பாயில் மேரி மகாராணி தொழில்நுட்ப நிலையம் தொடங்கப்பட்டது. 1922இல் அது புனேக்கு அருகிலுள்ள கிர்க்கிக்கு மாறியது. வைத்தியர் காயத்தை ஆற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணாமல், அவர் கையில் ஒரு தொழிலைக் கொடுக்கும்வரை சிகிச்சை முடியவில்லை என்று கருதியதே அந்நிலையத்தின் சிறப்பு.

1944ஆம் ஆண்டு அமெரிக்காவிற் கொண்டுவரப்பட்ட சட்டமொன்று, போரிலிருந்து திரும்பியோருக்குக் கல்விக் கட்டணத்தோடு சாப்பாட்டுச் செலவுக்கான மாதப் பணத்தையும் கொடுத்தது. 1956ஆம் ஆண்டுக்குள் 78 இலட்சம் பேர் அதனாற் படிப்போ பயிற்சியோ பெற்றனர். அவர்களுள் 22 இலட்சம் பேர் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் படித்தவர்கள். கட்டணத்தை மாத்திரம் கொடுத்திருந்தால், பிள்ளைகுட்டிக்காரர் எத்தனை பேர் பாடசாலைப் பக்கம் போயிருப்பர்? சிந்தித்துப் பாருங்கள்.

நமக்கு அருகிலும் உதாரணம் உண்டு. தமிழ்நாட்டைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்விலே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தமக்குச் சிகிச்சையளித்த இராணுவ வைத்தியர் அமர்ஜித் சிங் சாஹலின் நினைவாக, 1981ஆம் ஆண்டு ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பாடசாலை, தொழிற்பயிற்சி, சிகிச்சை ஆகிய மூன்றும் அங்கே ஒரே வளவில் நடைபெறுகின்றன. அசைய முடியாத ஒருவர் ஆயிரமாயிரம் பேரை நடக்கச் செய்தார்.

முப்பத்து மூன்று வயது மாணவர்

இனி, நம் ஆலயங்களிலே நாம் வணங்கும் புனிதர் ஒருவரிடம் வருவோம். 1521ஆம் ஆண்டு மே 20ஆம் நாள், பம்பலோனாக் கோட்டையிலே பீரங்கிக் குண்டு பட்டு ஒரு வீரருக்குக் கால் முறிந்தது. முறிந்த எலும்பு பிழையாகப் பொருந்தியதால் மீண்டும் முறித்து வைத்தார்கள். ஆயுள் முழுவதும் அவர் நொண்டியே நடந்தார். அவரே புனித இஞ்ஞாசியார். நோய்ப்படுக்கையில் அவர் மனந்திரும்பிய வரலாற்றை நாம் மறைக்கல்வியிற் படித்திருக்கிறோம். அதன் பின் நடந்ததை அவ்வளவாகப் படிப்பதில்லை.

1524ஆம் ஆண்டு, முப்பத்து மூன்று வயதில், பார்சலோனா நகரிலே சின்னஞ்சிறு பையன்களுடன் உட்கார்ந்து இலத்தீன் இலக்கணம் படிக்கத் தொடங்கினார். அர்தேவோல் என்னும் ஆசிரியர் சம்பளம் வாங்காமற் கற்பித்தார். இசபெல் ரொசேர் என்னும் பெண்மணி செலவைத் தாங்கினார். இரண்டு ஆண்டுகளின் பின் அவர் அல்காலா சென்று, அவசரப்பட்டுப் பல பாடங்களை ஒரேயடியாகப் படித்தார். ஒன்றும் ஒழுங்காக மனதிற் பதியவில்லை. 1528இல் பாரிஸ் சென்று, மீண்டும் பையன்களுடன் அடிப்படையிலிருந்து தொடங்கினார்.

அங்கே நம்பிக் கொடுத்து வைத்த பணத்தை உடனிருந்தவர் செலவழித்துவிட்டார். ஆகவே தூரத்திலிருந்த ஏழைகள் விடுதியொன்றில் தங்கினார். அதன் கதவு காலையிற் பிந்தித் திறக்கும். மாலையில் முந்தி மூடும். இதனாற் பாடங்கள் தவறின. பின்னர் விடுமுறைகளிலே பிளாந்தர் நாட்டு வணிகரிடம் யாசித்து ஓராண்டுச் செலவைச் சேர்த்துக்கொண்டார், கல்லூரியிலேயே தங்கினார், படிப்பு ஒழுங்காயிற்று. தம்மிலும் பதினைந்து வயது இளைய அறைத்தோழர் பேதுரு பாபர் அவருக்குத் தத்துவப் பாடம் சொல்லிக் கொடுத்தார். மற்றோர் அறைத்தோழர் நம் புனித சவேரியார்.

இதிலிருந்து அறிய வேண்டியது யாதெனில், அந்தக் காயமுற்ற சிப்பாயைப் படிப்பித்தது அவருடைய மனவுறுதி மாத்திரமன்று. காசு வாங்காத ஓர் ஆசிரியர், சாப்பாடு கொடுத்த ஒரு வீடு, வகுப்புக்கு அருகே ஒரு தங்குமிடம், பொறுமையுள்ள ஒரு தோழர் ஆகிய இந்நான்கும் சேர்ந்தே அவரைப் படிப்பித்தன.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, கேளுங்கள். அவருக்கு எது நல்லது என்று தோட்டக் கமிட்டியோ பங்குத்தந்தையோ தீர்மானிப்பது முறையன்று. போர்க்களத்தில் என்ன செய்தீர் என்று துருவிக் கேட்பதும் முறையன்று. அவர் சொல்ல விரும்பினாற் கேட்போம், சொல்லாவிட்டால் விட்டுவிடுவோம்.

இரண்டாவது, உடலையும் மனதையும் கவனியுங்கள். செயற்கைக் கால் ஒருமுறை பூட்டினால் ஆயுள் முழுவதும் நிற்கும் பொருளன்று. தேயும், பொருந்தாமற் போகும், மாற்ற வேண்டும். யாழ்ப்பாணத்தில் 1987ஆம் ஆண்டிலிருந்து ஜெய்ப்பூர் நிலையம் இப்பணியைச் செய்கிறது. தீபாவளி வெடிச்சத்தத்திற்கு நடுங்குகிறவரை, இரவில் உறங்காதவரை, பேய் பிடித்தவர் என்று கோடங்கியிடம் கொண்டுபோகாதீர்கள். அது போரின் காயம். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மூன்றாவது, படிப்புக்கு வழி காட்டுங்கள். பாடசாலையை விட்டவர்களும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகக் க.பொ.த. சாதாரண தரம் எழுதலாம். தையல், மின்வேலை, இயந்திரத் திருத்தம் முதலியவற்றை அனுபவத்தாற் கற்றவர்கள், அந்த அறிவைச் சோதித்துத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெற முறையுண்டு. உடல் வலுவிழந்தோருக்கு, சமூக சேவைகள் திணைக்களம் சீதுவை முதலிய இடங்களிற் பயிற்சி நிலையங்களை நடத்துகிறது. பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் விபரம் கேட்கலாம். சிங்களக் கடிதம் எழுதத் தெரிந்தவர் ஒருவர் துணைக்குப் போனாலே பாதி வேலை முடியும்.

நான்காவது, உரிமையை அறிந்திருங்கள். தகுதியுள்ள வலுவிழந்தோருக்கு அரச வேலை வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்று வீதம் ஒதுக்கவேண்டும் என்று 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை கூறுகிறது. வலுவீனத்தைக் காரணங்காட்டி வேலையிலோ கல்வியிலோ பாரபட்சம் காட்டலாகாது என்பது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். ஏட்டிலுள்ள சட்டம் தானாக நடந்து வராது; நாம் போய்க் கேட்க வேண்டும்.

ஐந்தாவது, பஸ் காசை மறவாதீர்கள். கட்டணமில்லாத வகுப்பானாலும், லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கும் வழுக்குப் படிகளும், ஹட்டனுக்குப் போய்வரும் செலவும் ஒருவரை வீட்டிலேயே இருத்திவிடும். பாரிஸ் விடுதியின் கதவை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பி

அவர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். நம் பங்கைச் சேர்ந்த ஓர் ஆசிரியை, மாலை வேளைகளிற் சம்பளமின்றிக் கற்பித்தார். மழைநாட்களில் ஆட்டோக்காரர் ஒருவர் காசு வாங்காமல் ஏற்றி இறக்கினார். முதல் முறை கணிதத்திற் சித்தியடையவில்லை. "சின்னப்பிள்ளைகளோட இருந்து எழுதினது வெக்கமா இருந்தது சாமி" என்றார். இஞ்ஞாசியாரின் கதையைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்து, "அவருக்கும் கணக்கு வராதோ?" என்று கேட்டார். இரண்டாம் முறை சித்தியடைந்தார். இன்று ஒரு கடையிலே கணக்கெழுதுகிறார். அன்று நாம் போட்டுக் கொடுத்த கடையிலே தவறியது எங்கே என்பதை இப்போது அவரே எனக்கு விளக்குகிறார்!

அன்பர்களே, உங்கள் தோட்டத்திலும் இத்தகைய ஒருவர் இருக்கலாம். இந்த வாரம் அவரிடம் போய், நான் பிந்திக் கேட்ட அந்தக் கேள்வியை நீங்கள் முந்திக் கேளுங்கள்.

குழுவாகச் சிந்திக்க:

1. நமது பிரிவில் காயமுற்றவர், வலுவிழந்தவர் எவரெவர்? அவர்களுடைய விருப்பத்தை நாம் கேட்டறிந்தோமா?

2. ஆசிரியர், உணவு, தங்குமிடம், தோழர் ஆகிய நான்கில் எதை நம்மாற் கொடுக்க இயலும்?

3. மறுபக்கத்திலே நின்று போரிட்டுக் காயமுற்ற அயலவரையும் நாம் சந்திக்கத் தயாரா?