மருந்துச் சீட்டின் மொழி

பாவுக்கு எத்தனை இழை, ஏக்கருக்கு எத்தனை மூட்டை உரம் என்று கணக்குப் பார்த்துச் செய்பவர்கள் நம் அங்கத்தினர்கள். ஆயினும், வைத்தியர் தரும் மருந்துச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டறிபவர்கள் நம்மில் சிலரே. உடலுக்குள் செல்லும் மருந்தின் கணக்கையும் நாம் அறிந்திருத்தல் அவசியமன்றோ? அடிக்கடி காணும் சில சொற்களின் பொருளை இங்கே தருகிறோம்.

மருந்து உண்ணும் வேளை

1-0-1 என்றால் காலையில் ஒன்று, பகலில் இல்லை, இரவில் ஒன்று. பி.டி. என்பது நாளைக்கு இருமுறை, டி.டி.எஸ். என்பது மும்முறை, ஹெச்.எஸ். என்பது உறங்கப் போகும் வேளை. ஏ.சி. என்றால் உணவுக்கு முன், பி.சி. என்றால் உணவுக்குப் பின். இவையெல்லாம் லத்தீன் மொழிச் சொற்களின் சுருக்கங்கள்.

எஸ்.ஓ.எஸ். என்பதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். தேவைப்படும்போது மட்டும் உண்க என்பது அதன் பொருள். குழித்தறியில் நெடுநேரம் அமர்ந்து இடுப்பு வலி கண்டவர்கள், இவ்வாறு எழுதிய வலி மாத்திரையைத் தினந்தோறும் விழுங்குவதுண்டு. வலி மாத்திரைகள் பலவற்றை நெடுங்காலம் உண்டால் இரைப்பையில் புண் உண்டாகலாம், சிறுநீரகமும் கெடலாம்.

'கோர்ஸ்' என்பது மருந்தை உண்ண வேண்டிய முழுக் கால அளவு. காசநோய்க்குச் சாதாரணமாக 6 மாதம் மருந்து உண்ண வேண்டியிருக்கும். சில வாரங்களில் இருமல் தணிந்துவிடும். கிருமி முற்றும் அழிந்திராது. இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும். அப்பொழுது பழைய மருந்துக்கு அது கட்டுப்படாமலும் போகலாம்.

பரிசோதனைச் சொற்கள்

'நெகடிவ்' என்ற சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டா. தேடிய கிருமியோ குறியோ அச்சோதனையில் காணப்படவில்லை என்பதே அதன் பொருள். 'அக்யூட்' என்பது திடீரெனத் தோன்றிய நோயைக் குறிக்கும். 'கிரானிக்' என்பது நாட்பட்ட நோயைக் குறிக்கும்.

'பாஸ்டிங்' இரத்தப் பரிசோதனைக்கு முன் 8 மணி நேரமேனும் உணவு உண்ணலாகாது. காப்பி, தேநீரும் கூடாது. தண்ணீர் மட்டும் அருந்தலாம். என்.பி.ஓ. என்று தாதியர் எழுதிவைத்தாலோ, வாய்வழியாக ஒன்றும் கொடுக்கலாகாது. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உள்ளது மேலெழுந்து நுரையீரலுக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. ஆதலின் அன்பு மிகுதியால் நோயாளிக்கு ஒரு வாய் கஞ்சி ஊட்டுவதும் தீங்காகும்.

விவசாயிகள் கவனத்திற்கு

'ஆன்டிடோட்' என்றால் முறிமருந்து. பூச்சிமருந்துகள் எல்லாவற்றுக்கும் முறிமருந்து ஒன்றல்ல. சிலவற்றுக்கு முறிமருந்தே இல்லை. தெளிக்கும்போது எவருக்கேனும் மயக்கமோ, வாந்தியோ, மூச்சுத் திணறலோ கண்டால், நச்சுப்பட்ட உடையைக் களைந்து, உடலைச் சோப்பிட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க. மருந்து டப்பாவின் சீட்டையும் தவறாது எடுத்துச் செல்க. என்ன நஞ்சு என்று வைத்தியருக்குத் தெரிவிப்பது அதுவே.

சீட்டில் ஏதேனும் விளங்கவில்லையெனில் வைத்தியரையோ தாதியையோ கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டா. பழைய சீட்டுகளைச் சங்கப் பாஸ் புத்தகம்போல் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த முறை செல்லும்போது கொண்டு போதல் நலம்.